கதவுக்கு மேலிருந்த கண்ணாடி

லிலியாகோவோ,
14 செப்டம்பர் 2002

அன்புத் தம்பி ரங்கெலுக்கு,

அக்கா நெவேனா எழுதுவது. நீ, பென்கா, யானாக்குட்டி மூவரும் ருசேயில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இடது முழங்கையில் கட்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, எலும்பு முறியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சைக்கிளில் தபால் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கீழ்த்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நம் சாலையில் ஓரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? தார் முடிகிற இடத்தில் பள்ளம். பின்னாலிருந்து நீளமான ஒரு லாரி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என்னைக் கடந்தது. முதலில் அதன் காற்று என்னைத் தள்ளியது. அது கூடப் பரவாயில்லை. பாதி லாரி போன பிறகு அதே காற்று என்னைச் சக்கரத்தின் பக்கம் உள்ளே இழுத்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானாகவே சைக்கிளைப் பள்ளத்துக்குள் விட்டுவிட்டேன். ஊர்க்காரர்களின் கடிதமெல்லாம் தண்ணீரில் மிதந்தது. கடைக்கார கென்ச்சோ வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா நெவேனா, தவளைக்கெல்லாம் கூடவா தபால் வருது?" என்று கேட்டான். பிறகு அவனேதான் இறங்கி வந்து தூக்கிவிட்டான்.

லாரிக்காரன் நிற்கவில்லை. நின்று என்னைத் திட்டியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். என்னை அவன் பார்க்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. அது எப்படித் தம்பி முடியும்? நான் என்ன குருவியா? நீயும் அப்படித்தான் ஓட்டுகிறாயா?

குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைக்கக் குடைமிளகாய் சுட ஆரம்பித்துவிட்டோம். ஊர் முழுக்கப் புகை. உனக்குப் பதினைந்து புட்டி எடுத்து வைத்திருக்கிறேன். வந்து எடுத்துப் போ.

உன் அக்கா,
நெவேனா


ருமேனியா, அராத் அருகே, லாரி நிறுத்தம்,
29 செப்டம்பர் 2002

என் பள்ளத்து அக்காவுக்கு,

உன் கடிதம் ருசே வீட்டில் எட்டு நாள் காத்துக் கிடந்திருக்கிறது. படித்துவிட்டு முதலில் சிரித்தேன், பிறகு பயந்தேன். இப்போது திட்டப் போகிறேன், கேட்டுக்கொள்.

நீ குருவி இல்லை. ஆனால் என் இருக்கையிலிருந்து பார்த்தால் குருவியை விட நீ சின்னவள். அக்கா, நான் தரையிலிருந்து இரண்டரை மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு நேர் கீழே, வலது கதவை ஒட்டி, ஒரு குடும்பமே நின்று சாப்பிட்டாலும் எனக்குத் தெரியாது. கண்ணாடியில் என் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நான் உன்னைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்.

இன்னொன்று. வலப்பக்கம் திரும்ப வேண்டிய லாரி முதலில் இடப்பக்கம் ஒதுங்கும். வால் நீளம், அப்படி ஒதுங்கினால்தான் திரும்பும். "நல்ல மனுஷன், வழி விடுறான்" என்று நினைத்துக்கொண்டு உன் மாதிரி ஆட்கள் வலது இடைவெளியில் நுழைவீர்கள். அங்கே நுழையாதே. எவ்வளவு அவசரமானாலும், பிரதமருக்கே தந்தி என்றாலும், பின்னாலேயே நில். என்னிடம் நாற்பது டன் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் நிற்க இது உன் சைக்கிள் இல்லை.

எங்களைப் பற்றியும் கொஞ்சம் நினை. முதலாளி தொலைபேசியில் "எங்க இருக்க? இன்னும் அங்கயேவா?" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதில்லை. உன்னைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக எனக்கும் ஆசைதான். எதிரே இன்னொரு லாரி வரும்போது அந்த ஒன்றரை மீட்டரை எங்கே போய் வாங்குவேன்?

பளிச்சென்று மஞ்சள் சட்டை ஒன்று அனுப்புகிறேன். கூச்சப்படாமல் போட்டுக்கொள். கென்ச்சோ கேலி செய்தால் செய்யட்டும்.

தம்பி,
ரங்கெல்


லிலியாகோவோ,
20 அக்டோபர் 2002

அன்புத் தம்பிக்கு,

சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே வாத்துகள் துரத்தின. மற்றபடி நல்ல சட்டை.

நீ எழுதியதை நான் நம்பவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். "ஒரு குடும்பமே நின்றாலும் தெரியாது" என்றால் யார் நம்புவார்கள்? ஆகவே என்ன செய்தேன் தெரியுமா? ஊருக்கு வெளியே லாரிகள் நிற்கும் சூப் கடைக்குப் போனேன். இஸ்தான்புல்லிலிருந்து வருகிற ஹிக்மெத் என்ற ஓட்டுநர் பயறு சூப் குடித்துக்கொண்டிருந்தார். நம் மொழி பேசுகிறார். அவர் அம்மா நம் நாட்டில் ரஸ்கிராத் பக்கம். "ஐயா, உங்க இருக்கையில ஒரு நிமிஷம் நான் உக்காந்து பாக்கலாமா?" என்று கேட்டேன். கடையே சிரித்தது.

"எதுக்கும்மா, லாரி ஓட்டப் போறீங்களா?"

"இல்ல. என்னை ஏன் உங்களுக்குத் தெரியலன்னு பாக்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். பெண் பிள்ளையை ஏற்றுவது போல் கைப்பிடி காட்டி என்னை ஏற்றிவிட்டு, வலது கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பெரிய கண்ணாடியில் பார்த்தேன். ஆளைக் காணோம். ஜன்னலில் பார்த்தேன். காணோம். எங்கோ போய்விட்டார் என்று நினைத்தேன். கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது: "நான் இங்கதாம்மா நிக்கிறேன்! கதவு மேல கைய வச்சிருக்கேன்! மேல பாருங்க, கதவுக்கு மேல குட்டியா ஒரு கண்ணாடி இருக்கும்!" நிமிர்ந்து பார்த்தால், தரையைப் பார்த்துக் கவிழ்ந்த ஒரு சின்னக் கண்ணாடி. அதில் அவருடைய தொப்பியும் பாதி மீசையும்.

ரங்கெல், அந்த இருக்கையில் எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பெரிய இரும்பை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு கைக்கண்ணாடியை நம்பி ஊர் ஊராகப் போகிறீர்கள். இறங்கும்போது அவர் சொன்னார்: "நாங்களும் பயந்துகிட்டேதாம்மா ஓட்டுறோம். வெளில சொல்றதில்ல."

இனி உங்களைத் திட்ட மாட்டேன். சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கிறேன். பின்னால் வருகிற கார்க்காரன் ஹாரன் அடித்தாலும் நகர்வதில்லை.

உன் அக்கா,
நெவேனா


ஹங்கேரி,
17 நவம்பர் 2002

அக்கா,

பென்கா உனக்குச் சொல்லியிருப்பாள். என் கையாலும் எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணி. தீஸா ஆற்றங்கரையில் உள்ள ஊர். சிக்னலில் சிவப்பு. நின்றேன். வலப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டிருந்தேன், அது சத்தியம். பச்சை விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், திரும்பினேன். முதலில் சத்தம் கூட இல்லை. எதிரே நடைபாதையில் நின்ற ஒரு மனிதர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார். அவருடைய வாய் திறந்திருந்தது. அவர் ஏன் அப்படி ஓடி வருகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. பதறி வண்டியை ஒடித்ததில் வலது மூலை விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது.

சைக்கிளில் வந்த பெண். பெயர் பிரோஷ்கா. முப்பத்தெட்டு வயது. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைப்பவள். நான் இறங்கிப் போனபோது உயிர் இருந்தது. என் மேல்சட்டையைக் கழற்றி அவள் மேல் போர்த்தினேன். அவள் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாதே அக்கா. ஒரு வார்த்தை கூடத் தெரியாதே. "சரிம்மா, சரிம்மா" என்று நம் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள்.

சிறையில் போடவில்லை. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்; விசாரணை முடியும் வரை ஊரை விட்டுப் போகக் கூடாது. ஒரு டயர் கடைக்கு மேலே அறை கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் லாயோஷுக்குப் பள்ளியில் படித்த ரஷ்ய மொழி கொஞ்சம் வரும், எனக்கும் அப்படியே. அதை வைத்து ரொட்டி வாங்குகிறேன்.

சோறு இறங்கவில்லை. உன் நினைவாகவே இருக்கிறது.

ரங்கெல்


லிலியாகோவோ,
30 நவம்பர் 2002

என் கண்ணே, தம்பி,

உன் கடிதத்தை நானே என் பையிலிருந்து எடுத்தேன். சாலையில் நின்றபடியே படித்தேன். அன்று மீதித் தபாலை நடந்தே கொடுத்தேன். சைக்கிளில் ஏறக் கால் வரவில்லை.

நீ சாப்பிடு. முதலில் சாப்பிடு. நீ வேண்டுமென்று செய்யவில்லை. அந்த இருக்கையில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியும். ஊரில் கேட்கிறவர்களிடமும் அதையேதான் சொல்கிறேன்: "தம்பி விளக்குப் போட்டிருந்தான். கண்ணாடி பாத்தான். அவ்வளவுதான் ஒரு மனுஷனால முடியும்." கென்ச்சோ கூட இப்போது கேலி பேசுவதில்லை.

கோயிலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். உனக்கு மேல் தட்டில். அவளுக்குக் கீழே, இறந்தவர்களுக்கான மணலில். பெயர் சொல்லித்தான் ஏற்றினேன்.

அவளுக்குப் பிள்ளைகள் உண்டா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விசாரிக்க வேண்டாம்.

உன் அக்கா


ஹங்கேரி,
15 டிசம்பர் 2002

அக்கா,

பிள்ளைகள் இல்லை. அம்மா இருக்கிறாள். அந்த அம்மா நேற்று என்னைப் பார்க்க வந்தாள்.

பெயர் யோலான். எழுபது வயது இருக்கும். டயர் கடையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லாயோஷ் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். அவள் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"என் பொண்ணு லாரிக்குள்ள வந்து நுழைஞ்சுட்டான்னு எழுதப் போறாங்களாம். அவ அப்படிப் போறவ இல்ல. காப்பகத்துப் பிள்ளைங்களுக்கே அவதான் சாலை கடக்கச் சொல்லிக் குடுப்பா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அவ அங்க நின்னாளா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"நான் பாக்கலம்மா" என்றேன். அது உண்மை. லாயோஷ் அதைச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். ஒரு துண்டுத் தாளில் முகவரி எழுதி என் கையில் வைத்தாள். "ஏதாச்சும் ஞாபகம் வந்தா எழுதுங்க" என்றாள். போகும்போது, மழை என்பதால், நான் வெளியே வந்து நனைய வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

அக்கா, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பென்காவுக்குக் கூட முழுதும் தெரியாது.

அந்தக் குட்டிக் கண்ணாடி என் லாரியில் இல்லை. கதவுக்கு மேல் இருக்குமே, ஹிக்மெத் உனக்குக் காட்டினாரே, அது. விபத்துக்கு எட்டு நாள் முன்னால் ருமேனியாவில் ஒரு குறுகிய பாலத்தில் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கியதில் பாலத்துக் கம்பியில் உரசி உடைந்துவிட்டது. முதலாளியிடம் தொலைபேசியில் சொன்னேன். "இந்த ட்ரிப் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். அந்த எட்டு நாளும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணாடிதானே என்று பழகிவிட்டது.

விளக்குக் கம்பத்தில் மோதியதால் உடைந்தது என்று காவல்துறையே எழுதிக்கொண்டது. நான் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. முதலாளி வைத்த வக்கீல் என் வாய்மேல் விரல் வைக்காத குறை: "கேக்காததுக்குப் பதில் சொல்லாதீங்க."

அவள் முன்பே நின்றாளா, பிறகு வந்தாளா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி இருந்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த முகவரித் தாளை இதனுடன் வைக்கிறேன். என்னால் அதை வைத்திருக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

ரங்கெல்


லிலியாகோவோ,
29 டிசம்பர் 2002

தம்பி,

பண்டிகை நாளில் உன் கடிதம் வந்தது. நல்ல வேளை, படிக்கும்போது வீட்டில் யாரும் இல்லை.

சொல்லிவிடு. உன்னை வளர்த்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன். தண்டனை கொடுத்தால் கொடுக்கட்டும். யானாவையும் பென்காவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கே வந்து இருக்கட்டும், அறை இருக்கிறது. அந்த அம்மா கேட்டது ஒரு கேள்விதான். அதற்குப் பதில் தெரியாது என்பதையும், ஏன் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. முதலாளி சொன்னதையும் சொல்.

வேறு எழுத வரவில்லை.

அக்கா


ருசே,
9 மார்ச் 2003

அன்பு அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். போன வாரம் தீர்ப்பு. லாரி திரும்பும்போது வலது இடைவெளியில் சைக்கிள் புகுந்ததே காரணம் என்று எழுதிவிட்டார்கள். என் மேல் குற்றமில்லை. கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டிசம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். எழுதிக் கிழித்தேன், நான்கு முறை. அக்கா, "சொல்லிவிடு" என்று எழுத ஒரு வரி போதும். சொன்னால் என்ன ஆகும்? முதலாளி, "என்கிட்ட எதுவும் சொல்லல" என்பார். தொலைபேசியில் பேசியதற்கு என்னிடம் என்ன சாட்சி? உடைந்த கண்ணாடியோடு ஓட்டியவன் நான். கையெழுத்துப் போட்டு லாரியை எடுத்தவன் நான். ஐந்து வருடமோ எட்டு வருடமோ அந்நிய நாட்டுச் சிறையில் நான். அவர் அடுத்த வாரம் வேறு ஓட்டுநரை வைத்துக்கொள்வார். பிரோஷ்கா எழுந்து வருவாளா?

நீ சைக்கிளில் இருந்துகொண்டே பேசுகிறாய். அதில் தப்பில்லை. ஆனால் நான் உன் தம்பி.

தீர்ப்பு அன்று அந்த அம்மா முன்வரிசையில் இருந்தாள். படித்து முடித்ததும் எழுந்து, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டாள். காது கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் திரும்பச் சொன்னார். நான் பின் வாசல் வழியாக வெளியேறினேன்.

திங்கட்கிழமை முதல் மறுபடி ஓட்டுகிறேன். அதே முதலாளி, புது லாரி. எனக்கு வேறு என்ன தெரியும்? கண்ணாடிகளை நானே தினமும் துடைப்பேன்.

மே ஆறாம் தேதி புனித கியோர்கி திருநாளுக்கு ஆட்டுக்குட்டி சொல்லிவைத்திருக்கிறேன். எப்போதும் போல் நீ வந்து முதல் துண்டு வெட்ட வேண்டும். யானா "அத்தை வருவாங்களா?" என்று இப்போதே கேட்கிறாள். வா அக்கா. இதைப் பற்றிப் பேச வேண்டாம். சும்மா வா.

உன் தம்பி,
ரங்கெல்


லிலியாகோவோ,
18 மே 2003

அன்புத் தம்பி ரங்கெலுக்கு,

திருநாளுக்கு நான் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. பேருந்து நிறுத்தம் வரை போனேன், ரொட்டி கூடச் சுட்டு எடுத்துக்கொண்டு. பேருந்து வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஏறுறீங்களா இல்லையா அக்கா?" என்றார். நான் ரொட்டியை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பென்கா ஏப்ரலில் இங்கே வந்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள். "அக்கா, அவரு ஒங்ககிட்ட என்னமோ சொல்லியிருக்காரு. என்னான்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. யானாவுக்கு ஆறு வயசு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாக்கை மீறவில்லை. மீற எனக்குத் துணிச்சலும் இல்லை. நீ சொன்னது சரி, நீ என் தம்பி. உன்னைச் சிறைக்கு அனுப்பும் கடிதத்தை எழுத என் கை வராது.

ஆனால் தம்பி, நான் தினமும் அதே சாலையில் போகிறேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும், நாளைக்கு நான் அடியில் போனால் "தபால்காரி உள்ளே புகுந்துவிட்டாள்" என்று எழுதுவார்கள் என்று தோன்றுகிறது. நான் பின்னாலேயே நின்றேன் என்று சொல்ல யார் இருப்பார்கள்?

அதனால் ஒன்று செய்தேன். நம் ஊர்க் கால்நடை மருத்துவர் ஸ்வெதோஸ்லாவ் ஹங்கேரியில் படித்தவர். நீ அனுப்பிய முகவரித் தாளோடு அவரிடம் போய், அந்த மொழியில் ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னேன்: "அம்மா, உங்கள் மகள் மேல் தவறில்லை." உன் பெயர் இல்லை. கண்ணாடி இல்லை. கீழே என் பெயரும் ஊரும் மட்டும். யாருக்கு, எதற்கு என்று மருத்துவர் கேட்கவில்லை. நல்ல மனிதர். அந்தக் கிழவி நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் அனுப்பினேன். எனக்கும் தூக்கம் வரும் என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

போன வியாழக்கிழமை பதில் வந்தது. என் பையிலேயே, மற்றக் கடிதங்களுக்கு நடுவில். மருத்துவர் படித்துச் சொன்னார். அவள் நன்றி சொல்லியிருக்கிறாள். மகளுடைய சைக்கிளைத் திருப்பித் தந்துவிட்டார்கள், கொட்டகையில் நிறுத்தியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். பிறகு ஒரு கேள்வி: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மருத்துவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன பதில் எழுதட்டும்?" என்றார். நான் அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். மாடு ஒன்று கத்தியது, அவர் அதைப் பார்க்கப் போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் உன்னை இழப்பேன். பொய் சொன்னால் அவள் மகளை இன்னொரு முறை அந்தச் சக்கரத்தின் அடியில் தள்ளுவேன். பதிலே போடாவிட்டால், அவள் தினமும் தபால்காரருக்காகக் காத்திருப்பாள். எப்படிக் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அந்த முகங்களை வாசல் வாசலாகப் பார்க்கிறேன்.

ஒருவருக்கு வந்த கடிதத்தை இன்னொருவரிடம் நான் இதுவரை கொடுத்ததில்லை. இதை உனக்கு அனுப்புகிறேன். என் பெயர் போட்டு வந்திருந்தாலும், இது உனக்கு வந்த கடிதம்.

கூடவே ஓர் உறையும் வைத்திருக்கிறேன். அவள் முகவரியை எழுதி, தபால்தலையும் ஒட்டிவிட்டேன். உள்ளே காகிதம் எதுவும் வைக்கவில்லை.

நீ என்ன செய்தாய் என்று எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா,
நெவேனா